இரைச்சல் இல்லாத பவர் சப்ளையும் என் கல்யாணமும்

பெண் கேட்கப் போகிறவர்கள் தட்டில் பழம், பூ, இனிப்பு கொண்டு போவார்கள். நான் பவர் சப்ளை கொண்டு போனேன். (சிரிக்காதீர்கள். அப்போது எனக்கு இருபத்தேழு வயது. இருந்த கொஞ்சநஞ்ச அறிவும் கணினிக்குள்தான் கிடந்தது.)

நான் காஹாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவன். சிங்கப்பூரில் ஓர் அலுவலகத்தில் கணினி பழுதுபார்க்கும் வேலை. அதே அலுவலகத்தில்தான் தாரிணி. அவளுடைய அப்பா யாழ்ப்பாண வம்சாவளி, அரசாங்க சேவையில் ஓய்வு பெற்றவர், சிங்கப்பூரிலிருந்து பாலம் தாண்டினால் வரும் பெர்மாஸ் ஜெயாவில் வீடு. எங்கள் விஷயத்தை அவரிடம் சொல்லி ஐந்து மாதம் ஆகியிருந்தது. சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. எப்போது கேட்டாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாப்பம், தம்பி" என்பார். அவ்வளவுதான்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் உத்தியோக அனுபவங்களைக் கணினியில் பேசிப் பதிவு செய்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவார். குழுவில் லண்டன், மெல்பர்ன், டொராண்டோ என்று அறுபது சொந்தக்காரர்கள். பழைய கணினியின் விசிறி போட்ட சத்தத்தில், "லொறிக்குள்ள இருந்தோ கதைக்கிறியள்?" என்று மெல்பர்ன் அத்தை கேட்டுவிட்டாராம். மனிதர் மனம் உடைந்து போனார்.

எனக்கு இதைவிட நல்ல வாய்ப்பு கிடைக்குமா? "அங்கிள், சத்தமே இல்லாத கம்ப்யூட்டர் ஒன்னு நான் செஞ்சு தரேன் லா!" என்று குதித்தேன்.

அடுத்த மூன்று வாரம் எனக்குச் சோறு தண்ணீர் தேவைப்படவில்லை. குறைந்த மின்சாரத்தில் ஓடும் பிராசஸரைத் தேர்ந்தெடுத்தேன். அதற்கு விசிறி வேண்டாம், மேலே ஓர் அலுமினியக் கட்டி போதும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிவிட்டுச் சுழலாத எஸ்எஸ்டி போட்டேன். மிச்சம் இருந்த ஒரே எதிரி பவர் சப்ளை. செங்கல் அளவில், வயிற்றில் ஒரு விசிறியோடு, எந்தக் கடையிலும் அதுதான் கிடைக்கும். விசிறியே இல்லாத பெரிய வகை ஒன்று பார்த்தேன். பெட்டிக்குள் நுழையாது. கடைசியில் கண்டுபிடித்தேன்! தீப்பெட்டி அளவில் ஒரு சின்னப் பலகை. மதர்போர்டில் நேராகச் செருகிவிடலாம். மடிக்கணினிக்கு இருப்பது போன்ற ஓர் அடாப்டர் வெளியே கிடக்கும். சூடெல்லாம் அதோடு போய்விடும். முழுக் கணினியும் நாற்பது வாட்டைத் தாண்டாது என்று நான்கு தடவை கணக்குப் போட்டு, நூற்று இருபது வாட் தாங்கும் பலகையாக வாங்கினேன். பாலம் தாண்டும்போது பேருந்தில் அதை மடியில் வைத்து, பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தேன். பக்கத்து இருக்கைக்காரர் மோதிரம் என்று நினைத்திருப்பார்.

ஒரு காரியம் மட்டும் செய்யவில்லை. கணினி ஓடுகிறதா என்று காட்டும் சின்ன விளக்கின் ஒயரைச் செருகவில்லை. இவ்வளவு அமைதியான கணினிக்கு விளக்கு எதற்கு என்ற திமிர்.

ஞாயிறு காலை பெர்மாஸ் ஜெயாவில் கொண்டு போய் மாட்டினேன். அங்கிள் பெட்டியில் காதை வைத்தார்.

"உது ஓடுதோ, நிக்குதோ?"

"ஓடுது அங்கிள்!"

அன்றுதான் அவருடைய பற்களை முதன்முதலாகப் பார்த்தேன். கதவைச் சாத்திக்கொண்டு பதிவைத் தொடங்கினார். பாதியில் எழுந்து, அரசாங்க சேவைச் சிக்கனத்தோடு திரையை மட்டும் அணைத்துவிட்டு, ஆன்ட்டியோடு கடைக்குக் கறிபாப் பலகாரம் வாங்கக் கிளம்பினார். நானும் தாரிணியும் அந்த அறைக்குள் போனோம். திரை இருட்டு, சத்தம் இல்லை, விளக்கும் இல்லை. நிறுத்திவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன்.

"அப்பா ஏதாச்சும் சொன்னாரா?" என்றாள் தாரிணி.

நான் தொண்டையைச் செருமி, அவர் குரலில், "பாப்பம், தம்பி, பாப்பம்" என்றேன். அவள் சிரித்தாள். அது போதாதா எனக்கு? "அஞ்சு மாசமா பாக்குறாரு. மெர்சிங் ஜெட்டியில படகுக்குக் காத்திருந்தா இந்நேரம் பத்து தடவ தீவுக்குப் போய் வந்திருக்கலாம். நாப்பது வருஷ சர்வீஸ்ல தொலைஞ்சது ஒரே ஒரு ஃபைல். அத வெச்சு நாப்பது கதை சொல்றாரு!"

"மெதுவா பேசு. சரி, மாட்டேன்னு சொல்லிட்டா?"

"சொல்லட்டும். கம்ப்யூட்டர் தொடைக்க வந்தேன்னு நான் ஞாயித்துக்கிழமை வந்துக்கிட்டுதான் இருப்பேன். உன்னையும் பாத்துக்குவேன், கதையும் கேப்பேன். எனக்கு அந்தக் கிழவர ரொம்பப் பிடிக்கும் லா."

அங்கிள் திரும்பி வந்தார், கறிபாப் சாப்பிட்டார், திரையைப் போட்டு மீதிக் கதையைப் பேசி முடித்து, கேட்டுப் பார்க்காமல் அப்படியே குழுவுக்கு அனுப்பினார். அரை மணி நேரத்தில் தாரிணியின் கைப்பேசி துள்ளத் தொடங்கியது. மெல்பர்ன் அத்தை வரிசையாகச் சிரிப்புப் படங்கள் அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: "யார் அந்தப் பெடியன்? அண்ணையை அப்படியே உரிச்சு வைச்சிருக்கிறான்!"

"அலமாக்!" என்றேன்.

அங்கிள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எனக்கு எதிரில் உட்கார்ந்து, முழுப் பதிவையும் கேட்டார். என் குரல் அவ்வளவு தெளிவாக அதற்குமுன் எங்கேயும் ஒலித்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஐந்து மாதக் காத்திருப்பு ஒரு விளக்கு ஒயரில் போயிற்று என்று நினைத்தேன்.

பதிவு முடிந்தது. "சத்தம் நல்ல சுத்தமாயிருக்கு. ஒரு இரைச்சலும் இல்லை" என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "அந்தக் கிழவர் எண்ட சொல்லை மட்டும் வெட்டேலுமோ?" என்று கேட்டார்.

"வெட்டலாம் அங்கிள்."

"அங்கிள் இல்லை. மாமா எண்டு சொல்லும்."

வெட்டாத அந்தப் பதிவைத்தான் எங்கள் கல்யாண விருந்தில் போட்டார்கள். அதோடு முடிந்ததா? போன வருடம் தாரிணியின் தங்கையைக் கேட்டு ஒருவர் வந்தார். மாமா அவரை அந்த அறையில் தனியாக உட்கார வைத்து, திரையை அணைத்துவிட்டு, கறிபாப் வாங்கக் கிளம்பினார். பாவம் என்று நான் உள்ளே போய் அவர் காதருகில் குனிந்து, "தம்பி, வாயத் தொறக்காதீங்க. இது ஓடிக்கிட்டிருக்கு. மாமா லேசுப்பட்ட ஆளு இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அன்று மாலை குழுவுக்குப் பதிவு வந்தது. அந்தப் பிள்ளை கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை. அதில் இருந்தது என் குரல் மட்டும்தான்.