ஆஸ்திரேலியாவுக்குப் போன பரங்கி

நேத்து ஹட்டன் டவுன்ல எனக்கு ரெண்டே வேலை. ஒரு பரங்கிக்காய் வாங்கணும். அப்புறம் ரோஸி டீச்சரைத் தேடிப் பார்த்து, அவங்க நடத்துற இங்கிலீஷ் நர்சரியில மகள் கயலுக்கு இடம் கேக்கணும்.

அங்க இன்னும் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் இடமாம். "டீச்சர் கண்டிப்பு. மொத வார்த்தையே மரியாதையா வரணும், பார்த்துக்க"ன்னு எங்க தேயிலைத் தோட்டத்துல பக்கத்து லயத்து வீட்டு அக்கா புத்தி சொல்லி அனுப்பினாங்க.

என் மரியாதையை இனிக் கேளுங்க!

எல்லாத்துக்கும் காரணம் எங்க வீட்டுக்காரர். ஓட்டுறது ஆட்டோ, வளர்க்கிறது தமிழ். அதுவும் பேஸ்புக்ல. எங்க பக்கம் அந்தக் காயை எல்லாரும் வட்டக்கான்னுதான் சொல்லுவோம். ஐயாவுக்கு அது ஆகாது.

"வட்டக்கா சிங்களம்! கடையில பரங்கின்னு சுத்தத் தமிழ்ல கேளு. நாமளே பேசலைன்னா யாரு பேசுறது?" அப்படின்னுட்டு, "சரி, டைம் ஆச்சு, ஹயர் இருக்கு"ன்னு ஆட்டோவை எடுத்துட்டார்.

சுத்தத் தமிழ் பொண்டாட்டிக்கு மட்டும்தான் போல.

மரக்கறிக் கடைகள்ல லீக்ஸும் கோவாவும்தான் குமிஞ்சு கெடந்துச்சு. சரின்னு, வழக்கமா அரிசி, பருப்பு வாங்குற, நாங்க நானான்னு கூப்பிடுற முஸ்லிம் அண்ணன் கடையில கேட்டேன்.

"நானா, பரங்கி எங்க இருக்கு?"

நானா என்னைப் பார்த்தார். கையில தொங்கின கயலைப் பார்த்தார். எல்லாம் வெளங்கின மாதிரி தலையை ஆட்டினார்.

"கோயிலுக்கு மேல, பச்சை கேட். இங்க இப்ப அது ஒன்னுதான் மிச்சம். மத்ததெல்லாம் ஆஸ்திரேலியா போயிருச்சு."

அடேங்கப்பா, எக்ஸ்போர்ட்டா! நம்ம தேயிலை மாதிரியே நல்லதையெல்லாம் கப்பல்ல ஏத்திட்டாங்களேன்னு வயிறு எரிஞ்சேன்.

"மிச்சம் இருக்கிறது எப்பிடி நானா?"

"வயசாயிருச்சுதான். ஆனா நல்ல கெட்டி!"

முத்தினது. கெட்டி. குழம்புக்கு வேற என்ன வேணும்? மகளை இழுத்துக்கிட்டு மேட்டுல ஏறினேன்.

பச்சை கேட்டைத் திறந்தா, வாசல் முத்தம் நிறைய உக்கார குட்டிக் குட்டிக் கதிரை. வேற யாரா இருந்தாலும் அங்கேயே வெளங்கியிருக்கும். நான் என்ன நெனச்சேன் தெரியுமா? காய் வாங்க பிள்ளைகளோட வர்றவங்களுக்கு எவ்வளவு வசதி செஞ்சு வச்சிருக்காங்கன்னு! இந்த மூளையை வச்சுத்தான் நான் ஓ.எல். பரீட்சை பாஸ் பண்ணினேன்.

கவுன் போட்ட, நரைச்ச முடியைக் கட்டையா வெட்டின, துரைசானி மாதிரி ஒரு நோனா வெளிய வந்தாங்க.

"நோனா, இங்க பரங்கி இருக்குன்னு கடையில சொன்னாங்க."

நோனா புருவத்தைத் தூக்கினாங்க. "இருக்கு. நான்தான். என்ன வேணும்?"

தமிழ் நம்மளை விட நல்லா வருது! காய் விக்கிறவங்க இவங்கதான்னு எனக்கு ஒரே சந்தோசம்.

"முழுசா வேணாங்க. பாதி போதும். வெட்டியே குடுத்துட்டீங்கன்னா நல்லது."

கயல் நோனாவை மேல இருந்து கீழ வரைக்கும் பார்த்தா.

"அம்மா, இதுவா பரங்கி? இத எப்பிடி வெட்டுறது?"

அப்பதான் கதவுக்கு மேல இருந்த பலகை என் கண்ணுல பட்டுச்சு. ரோஸி டீச்சர் நர்சரி.

பறங்கியர்னா வெள்ளைக்கார வம்சத்துல வந்தவங்க, அவங்கள்ல முக்கால்வாசிப் பேர் ஆஸ்திரேலியாவுக்குக் குடி போயிட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா? சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர்னு ஸ்கூல்ல மனப்பாடம் பண்ணினவதான். ஆனா அது பெரிய ற போட்ட பறங்கி. நான் தேடிப் போனது சின்ன ர. கடையில பேசுறப்ப எந்த ர-ன்னு யாரு கேட்டா?

"உக்காருங்க"ன்னாங்க டீச்சர். முழங்கால் தாடையில முட்ட, அந்தக் குட்டிக் கதிரையில மடங்கி உக்காந்து எல்லாத்தையும் உளறினேன். காய், வீட்டுக்காரர், சுத்தத் தமிழ், நர்சரி.

"சுத்தத் தமிழா?" டீச்சர் சிரிச்ச சிரிப்பை எங்க வீட்டுக்காரர் பார்த்திருந்தா பேஸ்புக்கை மூடியிருப்பார்.

"ஐரோப்பாவுல பிராங்க்னு ஒரு சனம். அரபிக்காரங்க வாயில பட்டு அது வெள்ளைக்காரன் எல்லாருக்கும் பேராப் போச்சு. இங்க கப்பல்ல வந்து எறங்கின போர்த்துக்கீசனும் பறங்கி. அவன் கொண்டுவந்த காயும் பரங்கி. பீரங்கியும் அதே வழிதான்னு சொல்லுவாங்க. அவன் ஒட்ட வச்சுட்டுப் போன வியாதிக்குப் பேரு பறங்கிப்புண். இத்தனையில நீ காயைக் கேட்டு வந்தியே மகள், அதுவே பெருசு."

கப்பல்ல வந்த சொல்லுக்காகத்தான் நான் இந்தக் கூத்து ஆடியிருக்கேன்!

"மன்னிச்சிருங்க டீச்சர். உங்களைப் போய்க் காய்னு…"

"உங்க தோட்டத்துச் சனத்தை இந்த டவுன்ல எளக்காரமா என்னன்னு சொல்றாங்க?"

"தோட்டக்காட்டான்"னு மெதுவா சொன்னேன்.

"அதுக்குப் பரங்கிக்காய் தேவலை. கொழம்பு வைக்கவாவது ஆகும்."

அப்புறம் கயல் பக்கம் திரும்பினாங்க. "இது கேள்வி கேக்குற பிள்ளை. திங்கக்கிழமை கூட்டிட்டு வா. கத்தி வேணாம்."

எறங்கி வர்றப்ப நானாவைப் பிடிச்சேன். "நான் காய்தானே நானா கேட்டேன்?"

"பிள்ளையோட வர்ற எல்லாரும் அந்த நோனாவைத்தானே தேடுறீங்க? காய் வேணும்னா வட்டக்கான்னு தமிழ்ல கேக்க வேண்டியதுதானே!"

சாயந்தரம் வீட்டுக்காரர் வந்து சட்டியைத் திறந்தார். உள்ள லீக்ஸ்.

"ஏன், பரங்கி கெடைக்கலையா?"

"கெடைச்சாங்க. திங்கக்கிழமை வரச் சொன்னாங்க."