விடுபட்ட வருஷத்துக் குளிர்

இந்த மழை நிற்கும்வரை குளிப்பதில்லை என்று வரலாற்றுச் சிறப்புமிக்க முடிவொன்றை எடுத்தேன். எங்கள் ஈசூன் வட்டாரத்தில் நாலு நாளாக விடாத மழை. தேக்கா கடைத்தெருவில் வாங்கிய வெப்பமானி இருபத்திரண்டு டிகிரி காட்டியது. அதையும் நடுங்கிக்கொண்டேதான் காட்டியது. இந்த நேரம் பார்த்து வாட்டர் ஹீட்டர் வேறு படுத்துவிட்டது.

என் மனைவி இளமதியிடம் வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது, ஆதாரம் வேண்டும். பத்து வருஷத்து ஜனவரிக் குளிரையெல்லாம் இணையத்தில் தேடி, அட்டவணை போட்டு, ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினேன்.

"பாத்தியா? பத்து வருஷத்துல இதான் ரொம்பக் குளிரான ஜனவரி. இதுல பச்சைத்தண்ணில குளிச்சா மனுஷன் என்னாவான்?"

"சுத்தமாவான்."

"நான் சரித்திரம் பேசறேன் இளமதி!"

"குளிர்ல ஒரு 'ர்'தான் அதிகம். அதை எடுத்துட்டு உள்ள போங்க."

நான் அசையவில்லை. அவள் அட்டவணையில் விரல் வைத்து வரிவரியாகப் பார்த்தாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ரெண்டாயிரத்துப் பதினேழு இருக்கு. பத்தொன்பது இருக்கு. பதினெட்டு எங்க?"

"இடம் பத்தல."

"ஒரு வரிக்கா?"

"அந்த வருஷம் கொஞ்சம் சில்லுன்னு இருந்துச்சு லா."

"கொஞ்சமா? இருபத்தொண்ணு! அந்த ஜனவரிலதானே என்னைப் பொண்ணு பாக்க சுவா சூ காங்ல எங்க வீட்டுக்கு வந்தீங்க? எங்கப்பா, 'தம்பி, செம குளிர், டீ குடிங்க'ன்னார். நீங்க என்ன சொன்னீங்க?"

"ஞாபகம் இல்ல."

"'இதெல்லாம் ஒரு குளிரா அங்கிள்? காலைல பச்சைத்தண்ணிலதான் குளிச்சிட்டு வந்தேன்'னீங்க. அதைக் கேட்டுட்டுத்தான் நான் சரின்னேன்."

சொன்னேன்தான். ஆனால் அன்று நான் குளிக்கவே இல்லை. எட்டு வருஷமாக மனைவியிடம் மறைத்து வைத்திருக்கும் ஒரே ரகசியம் அது. இப்போது பின்வாங்கினால் குட்டு வெளிப்பட்டுவிடும். கல்யாணத்தின் அஸ்திவாரமே ஆடும்போது குளிரைப் பார்க்க முடியுமா? துண்டை எடுத்தேன். நான் போட்ட கூச்சலில் ஈசூனே விழித்திருக்கும்.

பல் தந்தியடிக்க வெளியே வந்தேன். இளமதி சூடான டீயை நீட்டினாள். ஒரு வாய் குடித்ததும் உடம்பும் மனசும் ஒருசேர லேசாகின. மானம் காத்த பெருமையோடு ஃபிரிட்ஜ் பக்கம் திரும்பினேன்.

விடுபட்ட வரியை அவளே எழுதிச் சேர்த்திருந்தாள்:

"2018: இருபத்தொன்று டிகிரி. குளிக்கவில்லை. செண்ட் மட்டும்."