எஸ்தருக்குத் தகப்பன் இல்லை என்று எழுதித் தரக் கோரி

லிந்துலை, இலங்கை,
14.8.1963

கர்த்தருக்குள் மிகுந்த மதிப்பிற்குரிய அத்தான், போதகர் அருமைநாயகம் அவர்கள் சமூகத்திற்கு, லிந்துலை அனாதைப் பிள்ளைகள் இல்லத்து உபதேசியாரும் தங்கள் மைத்துனனுமாகிய மாசிலாமணி தாழ்மையுடன் எழுதிக்கொள்வது.

இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் எனக்கு இடுப்புவலி, என் வீட்டுக்காரி ரெபேக்காளுக்குக் கோபம், இல்லத்துக் கூரையில் மூன்று இடத்தில் ஒழுக்கு. தாங்களும் அக்காளும் எங்களுக்கும் சேர்த்துச் சுகமாக இருக்கும்படி ஜெபிக்கிறேன்.

தங்களுக்குத் தெரியாதது அல்ல. பெற்றோர் இல்லாத பிள்ளைகளையும், ஸ்டேஷனிலும் கடைத்தெருவிலும் அலைகிற பிள்ளைகளையும் சேர்த்து, சோறும் வசனமும் கொடுத்து, ஆளாக்கி வெளியே அனுப்புவதுதான் நம் இல்லத்தின் ஊழியம். அனுப்புவது வரைக்கும் சரியாகத்தான் செய்கிறோம். திரும்பி வந்துவிடுகிறார்கள். போன வருஷம் அழகனை ஹட்டனில் பேக்கரி வேலைக்கு அனுப்பினேன். பதினோராம் நாள் வாசலில் நிற்கிறான். கேட்டால், "அங்க ரொம்பச் சூடா இருக்கு ஐயா" என்கிறான். அடுப்பு சுடும் என்று நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டுமாம், ரெபேக்காள் சொல்கிறாள்.

எஸ்தர் ஒருத்தியாவது அப்படித் திரும்பி வரமாட்டாள் என்று நம்பியிருந்தேன். 1945-இல் வட்டகொடை ஸ்டேஷன் பெஞ்சில் தேயிலைக் கொழுந்துச் சாக்கில் சுற்றிக் கிடந்த பச்சைக் குழந்தை. தாங்களே ஞானஸ்நானம் கொடுத்து, வேதத்தில் தாய் தகப்பனை இழந்த எஸ்தரின் பெயரை வைத்தீர்கள். இப்போது வயது பதினெட்டு. எஸ்.எஸ்.சி. பாஸ் பண்ணிவிட்டாள். அரசாங்க நர்ஸ் பயிற்சிக்கு நேர்முகத்துக்கும் கூப்பிட்டுவிட்டார்கள். பிரஜாவுரிமைச் சான்று மட்டும் கொண்டுவர வேண்டுமாம். அத்தான், அந்த "மட்டும்"தான் எங்களைக் கெடுத்தது.

போன திங்கட்கிழமை நானும் அவளும் நுவரெலியாவுக்குப் பஸ் ஏறினோம், அந்த பஸ் நானுஓயாவோட நின்னுபோச்சு, மிச்சத் தூரத்தை மழையில நடந்து நனைஞ்ச கோழி மாதிரி பதிவுக் கந்தோருக்குப் போய்ச் சேர்ந்தோம், அங்க துரைராசான்னு ஒரு யாழ்ப்பாணத்து ஐயா இருக்காரு, நல்ல மனுஷன், அவர் மேல ஒரு குத்தமும் இல்லை, எல்லாக் குத்தமும் எம்மேலதான். ஏன்னா ரெண்டு வருஷத்துக்கு முந்தி, சோதனை எழுதப் பிறப்புச் சான்றிதழ் வேணும்னு இதே கந்தோருக்கு வந்தப்ப, இதே துரைராசா ஐயாதான் "பிள்ளையின்ர தேப்பன்ர பேர்?"னு கேட்டாரு. எங்களுக்குப் பின்னால வரிசையில இருபது பேரு. எஸ்தர் தலையைக் குனிஞ்சு தன் செருப்பையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு. எனக்கு என்ன வந்துச்சோ, "மாசிலாமணி"ன்னுட்டேன். "ஆர் அது?"ன்னாரு. "நான்தாங்க"ன்னேன். உபதேசியார் வாயில வரக்கூடாத பொய். அன்னைக்கு வீடு வர்ற வரைக்கும் எனக்கு இருந்த பெருமையை எந்தப் பிரசங்கத்துக்கு அப்புறமும் நான் அனுபவிச்சதில்லை. ரெபேக்காள்தான், "தாய் பேரு என்ன குடுத்தீங்க?"ன்னு கேட்டா. உன் பேருதான், ராக்காயின்னு குடுத்தேன்னேன். ஞானஸ்நானத்துக்கு முந்தின பேரை எப்படிக் குடுக்கலாம்னு ரெண்டு நாள் எங்கூடப் பேசலை.

இப்ப துரைராசா ஐயா அந்தப் பைலை எடுத்துப் பார்த்துட்டு, "மாசிலாமணி, உங்கட பிரசாவுரிமைச் சான்று எங்க?"ன்னாரு. இந்திய வம்சாவளி ஆளுங்க மனுப் போட்டுத்தானே வாங்கணும், நானும் விண்ணப்பம் போட்டேங்க, தள்ளிட்டாங்கன்னேன். ஏன் தள்ளினாங்கன்னு தங்களுக்கே தெரியும். தங்கள் கல்யாணத்துக்குத் திருச்சிராப்பள்ளி போனவன் டைபாய்டு காய்ச்சல்ல விழுந்து, பதினாலு மாசம் கழிச்சுத்தானே திரும்பக் கப்பலேறினேன்! தொடர்ந்து இந்த நாட்டில இருக்கலைன்னு எழுதிட்டாங்க. கல்யாணச் சாப்பாட்டைக் குறை சொல்லலை அத்தான், நடந்ததைச் சொல்றேன். துரைராசா ஐயா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, "ஐயோ மனுசா! தேப்பன் ஆரெண்டு தெரியாமல் கைவிட்ட குழந்தை எண்டால் சட்டப்படி அவள் இலங்கைப் பிரசை. நீர் தேப்பன் எண்டு எழுதி அவளை நாடில்லாதவள் ஆக்கிப் போட்டீர்"ன்னாரு.

அத்தான், யாருமே இல்லாம இருந்தவரைக்கும் அதுக்கு ஒரு நாடு இருந்திருக்கு. நான் வந்தேன், போச்சு.

திரும்பி வர்றப்ப எஸ்தர் என் பையையும் சேர்த்துத் தூக்கிட்டு வந்துச்சு. வழி முழுக்க இடுப்பு மட்டும் பேசுச்சு.

ஆகையால் தாங்கள் தயவுசெய்து ஞானஸ்நானப் புத்தகத்தில் அவளுடைய பக்கத்தைப் பிரதி பண்ணி, மாசிலாமணி அவளுக்குத் தகப்பன் அல்ல, அப்படிச் சொன்னது பொய், அவன் பொய்யன் என்று ஒரு சத்தியக் கடதாசியும் எழுதி உடனே அனுப்ப வேண்டும். என்னைப் பற்றி அப்படி எழுதத் தங்களுக்குச் சிரமம் இராது என்று நம்புகிறேன். நேர்முகம் இம்மாதம் 29-ஆம் தேதி.

தங்கள் ஊழியத்தையும் அக்காளின் முழங்காலையும் கர்த்தர் பெலப்படுத்துவாராக.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
மாசிலாமணி

பி.கு. (16.8.1963) எஸ்தரும் ஒரு மனுவில் கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் அன்றைக்கே கூப்பிட்டு இந்தக் கடிதத்தை வாசிக்கக் கொடுத்தேன். ரெண்டு தடவை வாசிச்சுச்சு. "இதை அனுப்பாதீங்க"ன்னுச்சு. நர்ஸ் ஆக வேணாமான்னேன். "ஆகணும்"னு சொல்லி அழுதுச்சு. "ரொம்ப ஆசைதான். ஆனா அந்தக் கந்தோர்ல நீங்க 'நான்தாங்க'ன்னு சொன்னது இன்னும் என் காதுல இருக்கு. அதே ஜன்னலுக்குப் போயி 'நான் இல்லைங்க'ன்னு நீங்க சொல்றதைப் பக்கத்துல நின்னு கேக்க என்னால ஆகாது"ன்னுச்சு. நான் மன்றாடிப் பார்த்தேன். ரெபேக்காள், "அடியே, பேரை அடிச்சாலும் சோறு போட்டவ நான்தானேடி"ன்னு சொல்லிப் பார்த்தா. ஒண்ணும் நடக்கலை. நாளைக்குத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போடுற வேலைக்குப் போகுது. அது வாங்கின மார்க்குக்கு அது ஒரு வேலையா?

ஒரு பிள்ளையின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டுச் சந்தோஷமாக இருக்கிறேன் என்று போதகருக்கு எழுதலாமா, தெரியவில்லை. ரெண்டு நாளாக அப்படித்தான் இருக்கிறேன். ஆகையால் சத்தியக் கடதாசி எழுத வேண்டாம். பின்னே கடிதம் எதற்கு என்றால், முத்திரை ஒட்டியாகிவிட்டது. கீழே அவள் ஏதோ எழுத வேண்டுமாம்.

மாமாவுக்கும் அத்தைக்கும் ஸ்தோத்திரம். நேர்முகத்துக்கு உடுத்தச் சொல்லி அத்தை அனுப்பிய வெள்ளைச் சேலையைத் திருப்பி அனுப்பவில்லை. நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு உடுத்திக்கொண்டு போகிறேன்.

மா. எஸ்தர்