சங்கரபாண்டியன் வரைந்த நவீன வீடு

மாடிப்படி கூரையைத் துளைத்துக்கொண்டு போய் வானத்தில் நின்றது. சங்கரபாண்டியன் மவுசை உருட்டி, திரையில் இருந்த வீட்டை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் படி வானத்தில்தான் நின்றது.

"கம்ப்யூட்டர் சரியில்ல," என்றார்.

"நேத்து மவுஸ் சரியில்லன்னீக," என்றாள் பொன்னுத்தங்கம், பரணிலிருந்து இறக்கிய பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டே.

மனைவிக்கெல்லாம் பதில் சொல்லும் வழக்கம் அவருக்கு இல்லை.

சிவகாசியில் பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றின் முதலாளி அவர். புஸ்வாணத்துக்கு மயில், ராக்கெட்டுக்குச் சிங்கம் என்று இருபத்தைந்து வருஷமாகப் படம் போட்டு வருவதால், படம் என்று எது இருந்தாலும் அது தனக்கு அத்துப்படி என்பது அவர் எண்ணம். வீட்டு பிளானும் படம்தானே?

அப்பா கட்டிய வீட்டிலேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, தொப்பையும் போட்டுவிட்டு, அந்த வீட்டையே நாள் தவறாமல் திட்டி வந்தார். "மூளை இருக்கிறவன் இப்படி ஒரு வீட்டைக் கட்டுவானா?" என்று கேட்காமல் அவருக்குக் காலைக் காப்பி இறங்காது. வருகிற திங்கட்கிழமை அதை இடித்துவிட்டு அதே மனையில் நவீன வீடு கட்டப் போகிறார். இருக்கன்குடி மாரியம்மனைக் கும்பிட்டு நாள் குறித்தாயிற்று. விஸ்வநத்தத்தில் வாடகை வீடு பிடித்துப் பாதிச் சாமானும் போயாயிற்று. ஜேசிபிக்கும் சொல்லியாயிற்று. இன்று வியாழக்கிழமை. பிளான்தான் இன்னும் இல்லை.

பிளான் போட வந்த இஞ்சினியர் ஜாஸ்பினைப் போன மாதம் விரட்டிவிட்டது அவரேதான். அந்தப் பெண் வீட்டைச் சுற்றி வந்து, சுவரைத் தட்டிப் பார்த்து, "நல்லா உறுதியா இருக்கு சார். இடிக்கணுமா? பின்பக்கம் ரெண்டு ரூம் எடுத்தாப் போதுமே," என்று சொல்லியிருந்தாள்.

"நாலு கோடு போட நாலு வருசம் படிச்சியாம்மா? நீ கெளம்பு. நானே போட்டுக்கிடுறேன்."

மறுநாளே, வீடு வரையும் சாப்ட்வேர் ஒன்றை இலவசமாக இறக்கிக்கொண்டார். அதில் 'உதவி' என்று ஒரு பொத்தான் இருந்தது. உதவி தேவைப்படுகிறவர்கள் அமுக்கிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

முதல் வாரம் அடியை மீட்டராகப் போட்டதில் சமையலறை கல்யாண மண்டபம் அளவுக்கு வந்தது. "தாராளமா இருக்கட்டும்," என்றார். மனையைத் தாண்டிப் பக்கத்துத் தெருவுக்குள் போய்விட்டது என்று பிறகுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் அடிக்கு மாற்றினார். வீடு சுருங்கியது. மாடிப்படி மட்டும் சுருங்க மறுத்துவிட்டது.

வேறு வழியில்லாமல் ஜாஸ்பினுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, என் பிரெண்டு ஒருத்தரு வீட்டுல மாடிப்படி கூரைக்கு மேல போயிருச்சு. என்ன செய்யணும்?"



"தளத்துல படிக்கு வழி விட்டிருக்க மாட்டாரு சார். அந்த இடத்துல மட்டும் தளத்தை வெட்டச் சொல்லுங்க உங்க பிரெண்டை. அப்புறம் படியோட உயரத்தைக் குறைக்கச் சொல்லுங்க."

"அது எனக்கும் தெரியும். அவருக்குத்தான் தெரியல," என்று வைத்துவிட்டார்.

தளத்தை வெட்டினார். மேல்மாடி மொத்தமாக மறைந்தது. பதறிப்போய்ப் பின்னால் போகும் பொத்தானை நாலைந்து முறை தட்டினார். மேல்மாடி வந்தது, அதற்கு முந்தின நாள் பாடுபட்டு வைத்த இரண்டு குளியலறைகள் காணாமல் போயின.

கோபத்தில் மாடிப்படியைப் பிடித்து இழுத்து வீட்டுக்கு வெளியே, இடது பக்கச் சுவரோரம் எறிந்தார். அது ஒட்டிக்கொண்டது. வானத்துக்குப் போகாமல் ஒழுங்காக மாடியில் போய் முடிந்தது.

"வெளிப் படிக்கட்டு!" என்றார். "இதெல்லாம் இஞ்சினியருக்குத் தோணுமா?"

கூரைக்கு அது பிடிக்கவில்லை. அவர் ஆசைப்பட்டு வைத்த சரிவு ஓட்டுக்கூரை, படிக்கட்டையும் மூடப் பார்த்து, அடைகாக்கும் கோழி மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்துவிட்டது. நிமிர்த்தினால் சுவர் பிளந்தது. சுவரைச் சேர்த்தால் கூரை மறுபடி படுத்தது. வெள்ளிக்கிழமை மதியம் கூரையைத் தூக்கிக் கடாசிவிட்டார்.

"மொட்ட மாடிதான் நம்ம வெயிலுக்கு ஏத்தது," என்றார்.

"வத்தல் காயப்போடலாம்," என்றாள் பொன்னுத்தங்கம்.

"இது நவீன வீடு. வத்தலைப் பத்திப் பேசாத."

வாசல் பக்கம் முழுக்கக் கண்ணாடிச் சுவர் வைத்திருந்தார். அது பிளானில் தெரிந்தது, முழு வீடாகப் பார்த்தால் தெரியவில்லை. சோபா நடுத்தெருவில் கிடப்பது போல இருந்தது. கண்ணாடியை எடுத்துவிட்டுச் சுவர் வைத்து, இரண்டு ஜன்னல் போட்டார். இருபது வகை ஜன்னலில் கம்பி வைத்த முதல் வகை மட்டும்தான் உள்ளே உட்கார்ந்தது. கதவைப் போட்டால் அது தெருவைப் பார்த்துத் திறந்தது. திருப்பிப் போட்டால் சோபாவில் இடித்தது. கடைசியில் கதவுக்கு முன்னால் கிரில் போட்டு ஒரு வராந்தா இழுத்து, கதவை அதற்குள் திறக்கவிட்டார்.

சமையலறைக்குச் சுவர் கிடையாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சுவரை எடுத்ததும் தரையும் கூடவே போயிற்று. அடுப்பு அந்தரத்தில் மிதந்தது. நாலு பக்கமும் சுவர் அடைத்தால்தான் அதை அறை என்று ஒத்துக்கொள்வதாக சாப்ட்வேர் அடம்பிடித்தது. அடைத்து, தென்கிழக்கு மூலையில் தள்ளினார். பெயின்ட் மட்டும் பச்சையை விட்டு நகரவே இல்லை. பச்சை குளிர்ச்சி என்று அதற்கும் ஒரு நியாயம் சொன்னார்.

சனிக்கிழமை சாயங்காலம் பிழை எதுவும் இல்லை என்று சாப்ட்வேரே சொல்லிவிட்டது. சங்கரபாண்டியன் நாற்காலியில் சாய்ந்தார். ஆசைப்பட்டதில் ஒன்றுகூட அந்த வீட்டில் இல்லை என்பது அவர் நினைவுக்கே வரவில்லை. வந்தது எல்லாமே தான் நினைத்ததுதான் என்று நம்பினார்.

"எப்படி இருக்கு?"

பொன்னுத்தங்கம் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. பார்த்ததுமே அடுப்படி எங்கன இருக்குன்னு தெரிஞ்சுபோச்சுங்க."

"அதுக்குப் பேருதான் டிசைனு."

அந்தப் படத்தை இருபதடி பேனராக அடிக்கக் கொடுத்தார். எழுத்து எதுவும் வேண்டாம், படமே பேசும் என்று சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலை. வீட்டுக்கு முன்னால், தெருவோரம் இரண்டு கம்பு நட்டுப் பேனரைக் கட்டினார்கள். பொன்னுத்தங்கம் சந்தனம் குங்குமம் வைத்தாள். நல்ல காரியத்துக்கு இருக்கட்டும் என்று பெரிய ரோஜா மாலை ஒன்றும் போட்டார்கள். சொந்தக்காரர்கள், பிரஸ்காரர்கள், தெருக்காரர்கள் என்று கூட்டம் சேர்ந்துவிட்டது. "ஒத்த ஆளா உக்காந்து வரைஞ்சது. ஒரு இஞ்சினியரு கிட்ட வரல," என்று ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னார் சங்கரபாண்டியன். ஜாஸ்பினுக்கும் ஆள் அனுப்பியிருந்தார், வந்து பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும் என்று. அவளும் வந்து ஓரமாக நின்றாள்.

ஜேசிபி வந்து நின்றது. டிரைவர் இருளாண்டி ஏழாயிரம்பண்ணைக்காரன். இந்தத் தெருவுக்கே அன்றுதான் முதல்முறை வருகிறான். இறங்கி வந்தவன் மாலை போட்ட பேனரைப் பார்த்தான். அதன் பின்னால், இடது பக்கம் வெளிப் படிக்கட்டோடு நின்ற பச்சை வீட்டைப் பார்த்தான். தலையில் கட்டியிருந்த துண்டை மெல்ல அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு, சங்கரபாண்டியன் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டான்:

"இடிக்கப்போற வீட்டுக்கு எதுக்கு அண்ணாச்சி இம்புட்டுப் பெரிய பேனரு, கண்ணீர் அஞ்சலியா?"