சாய்ந்த கம்பமும் ‘நான் ரெடி’காரர்களும்

சோம்பேறியை நமக்குத் தெரியும். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போடுகிறவரையும் தெரியும். இவர்களோடு சேர்த்துப் பேசப்பட்டு, அநியாயமாகக் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டிருக்கும் மூன்றாவது இனம் ஒன்று உண்டு. அதுதான் ‘நான் ரெடி’காரர். இவர் சோம்பேறி அல்ல. எதையும் தள்ளிப்போடவும் மாட்டார். எப்போது கேட்டாலும், எந்த வேலைக்குக் கேட்டாலும், செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நிற்பார். என்ன, இன்னொருவர் முதலில் கிளம்ப வேண்டும். அவ்வளவுதான்.

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். குடும்பத்தோடு வெளியே போகும் நாளில், “நான் எப்பவோ ரெடி, அவ வரட்டும்” என்று கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவள் வந்து நின்றதும் சட்டையைத் தேடுவார். கூட்டம் ஆரம்பிக்கும் நேரத்தில் போன் செய்தால், “நாலு பேர் வந்ததும் சொல்லுங்க, ரெண்டே நிமிஷத்துல அங்க இருப்பேன்” என்பார். அந்த நாலு பேரும் அவரவர் வீட்டில் இதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். தனியாக ஒரு ரெடிக்காரர் இருந்தால் பெரிய ஆபத்து இல்லை. பலர் ஒரே கம்பத்தில் வந்து சேர்ந்தால்தான் வினை.

சேர்ந்தார்கள். எங்கள் தெருவில்.

தெருமுனையில் ஒரு தையற்கடை. அதன் வாசலில் ஒரு பழைய கம்பம், அடி இற்றுப்போய், கடையின் தகரக் கூரைமேல் சாய்ந்து நின்றது. நகராட்சி அதன் பக்கத்திலேயே புதுக் கம்பம் நட்டது. மின்சாரக்காரர்கள் தங்கள் கம்பிகளை உடனே அதற்கு மாற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பழைய கம்பத்தில் மிச்சம் இருந்தவை இரண்டுதான்: மேலே தொலைபேசிக் கம்பி, அதற்குக் கீழே இணையக்காரரின் பெட்டி. இவற்றைக் கழற்ற நகராட்சியில் விதி இருக்கிறது. மேலே இருப்பவர் முதலில் கழற்ற வேண்டும்; கீழே இருப்பவர் அடுத்து; கம்பம் மொட்டையானதும் நகராட்சி வந்து பிடுங்கும். ஒருவர் பொருளில் இன்னொருவர் கை வைக்கக் கூடாது. ஏறுகிறவர் ஒளிரும் பட்டை தைத்த சீருடை போட்டிருக்க வேண்டும். நல்ல விதிதான். எழுதியவர் கம்பத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவர். மனிதனைப் பற்றித்தான் விசாரிக்க மறந்துவிட்டார்.

காற்றுக் காலம் வந்தது. ஒவ்வொரு முறை காற்று அடிக்கும்போதும் கம்பம் முனகும்; தையற்கடை அக்கா மெஷினை விட்டு எழுந்து தெருவுக்கு ஓடுவார். வாடிக்கையாளர்கள் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு துணிப்பையைத் தூக்கிக் காட்டுவார்கள். அக்கா போய் வாங்கிக்கொண்டு, அளவையும் அங்கேயே எடுப்பார். நடுத்தெருவில் கையை விரித்துக்கொண்டு எத்தனை பேர் நிற்பார்கள்? பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். அந்தக் கடையை நம்பித்தான் அக்கா வீட்டில் அடுப்பு எரிகிறது.

அவர் முதலில் நகராட்சி மேற்பார்வையாளரிடம் போனார்.

“நாங்க ரெடிம்மா. கிரேன்கூட சும்மாதான் நிக்குது. கம்பத்துல ஒண்ணும் தொங்கக் கூடாது, அவ்வளவுதான். இன்டர்நெட்காரரைப் பாருங்க.”

இணையக்காரர் அதைவிட அன்பானவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார்.

“எனக்குப் பத்து நிமிஷ வேலைக்கா. ஸ்பேனர் பாக்கெட்டுலயே இருக்கு, பாருங்க.” எடுத்தும் காட்டினார். “ஆனா மேல இருக்கிறவரு எடுக்காம நான் எடுத்தா, ரூல்ஸை மீறின மாதிரி ஆயிடும்ல.”

தொலைபேசி அலுவலகத்து லைன்மேன் அக்காவைப் பார்த்ததும் எழுந்தே நின்றுவிட்டார்.

“நான் ரெடிக்கா. ஏணியை வண்டியிலயே கட்டி வச்சிருக்கேன். யூனிஃபார்ம் இல்லாம ஏறக் கூடாதுன்னு உத்தரவு. புதுசு தைக்கக் கொடுத்திருக்கு. கைக்கு வந்த அடுத்த நிமிஷம் ஏறிடுவேன்.”

“எங்க கொடுத்திருக்கீங்க?”

“உங்ககிட்டதான்.”

தையற்கடை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே தைக்கப்படும் எந்தச் சட்டையும் தன் ஆயுளில் பெரும்பகுதியை “ரெடியாயிடுச்சு, காஜா மட்டும்தான் பாக்கி” என்ற நிலையிலேயே கழிக்கும். பொத்தானுக்குத் துளை வெட்டி ஓரம் கட்டுவதுதான் காஜா. அதற்கென்றே தனியாக ஒருவர் அவ்வப்போது கடைக்கு வந்து, மொத்தமாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போவார்.

“சட்டை ரெடிதான் தம்பி,” என்றார் அக்கா, கொஞ்சமும் கூசாமல். “காஜாக்காரர் வரணும்.”

காஜாக்காரரும் ரெடி. ஊசி, நூல், கத்தரி எல்லாம் பையில் இருந்தன. “கம்பத்தை எடுக்கட்டும்மா, மறுநாளே வந்து உக்காந்துடறேன். அது அடியில உக்கார எனக்கென்ன கிறுக்கா?”

ஆக, கம்பத்தை எடுக்கச் சட்டை வேண்டும்; சட்டைக்குக் காஜா வேண்டும்; காஜாவுக்குக் கம்பத்தை எடுக்க வேண்டும். யோசித்துப் பாருங்கள், இதில் யாராவது முடியாது என்றார்களா? முகம் சுளித்தார்களா? இத்தனை பேர் இத்தனை தயாராக இருந்து நான் பார்த்ததே இல்லை. கம்பமும் விழுவதற்குத் தயாராகத்தான் இருந்தது. அது மட்டும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை.

ஒரு மத்தியானம் காற்று சுழன்று அடித்தது. தகரக் கூரை மடங்கியது. கம்பம் சரிந்து கடைக்குள் வந்து, சுவர்விளிம்பில் இடித்துக்கொண்டு நின்றது. அக்கா அந்த நேரம் நூல்கண்டு எடுக்க அலமாரிப் பக்கம் போயிருந்தார். அவர் உட்காரும் ஸ்டூல் தகரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது. அதைப் பார்த்ததும் என் கேலியெல்லாம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை.

அக்கா அழவில்லை. யாரையும் திட்டவும் இல்லை. கொக்கியில் மாட்டியிருந்த லைன்மேன் சட்டையை எடுத்துக்கொண்டு எதிர்ச்சாரிக்கு வந்தார். பூட்டிக்கிடந்த ஒரு கடையின் படியில் உட்கார்ந்தார். ஊசியில் நூலைக் கோத்து, முதல் காஜாவைப் போட ஆரம்பித்தார்.

“உங்களுக்குக் காஜா போடத் தெரியுமாக்கா?” என்று கேட்டேன்.

“தெரியாம? நான் முதல்ல கத்துக்கிட்டதே இதைத்தான்.” அவர் நிமிரவில்லை. “அவர் வரட்டும்னு இருந்துட்டேன்.”

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. நகராட்சிக் கிரேன் வந்து கம்பத்தைத் தாங்கிப் பிடித்தது. சட்டை கைக்கு வந்ததும் லைன்மேன் அதை மாட்டிக்கொண்டார். புதுக் கம்பத்தில் ஏணியைச் சாய்த்து ஏறிக் கம்பியை மாற்றினார். இணையக்காரர் பாக்கெட்டிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். பத்து நிமிஷம் என்றாரே, பத்து நிமிஷம்தான் ஆயிற்று. இருட்டுவதற்குள் பழைய கம்பம் லாரியில் படுத்துவிட்டது. போகும்போது ஒவ்வொருவரும் அக்காவிடம் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள்: “நான்தான் அப்பவே சொன்னேனே, நான் ரெடின்னு.” கம்பம் நின்ற இடத்தில் குழி இன்னும் திறந்து கிடக்கிறது. மூடுவதற்குச் சாலைப் பிரிவு ரெடி. மண் வரவேண்டுமாம்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்களுக்கும் உங்கள் தம்பிக்கும் பேச்சு நின்று எவ்வளவு காலம் ஆகிறது? “எனக்கு ஒண்ணும் இல்ல, அவன் முதல்ல பேசட்டும், நான் ரெடி” என்று போன வாரம்கூட வீட்டில் சொன்னீர்களாமே. அவரும் அங்கே அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் இரண்டு பேரும் ரெடியாக இருங்கள். நடுவில் உங்கள் அம்மாவுக்குத்தான் வயசாகிக்கொண்டிருக்கிறது.