மொத்தத்தில் சேட்டு

படிவத்தில் கடைசிக் கட்டத்தை முதலில் நிரப்பியதுதான் சேட்டு செய்த தப்பு. 'மொத்தத்தில் உங்களுக்கு நீங்கள் பத்துக்கு எத்தனை மதிப்பெண் தருவீர்கள்?' என்று கேட்டிருந்தது. கூச்சப்படாமல் பத்து போட்டான்.

ஜவ்வாது மலையில் ஒரு சாமை மில். அங்கே பதினோரு வருஷமாக மூட்டைகளைக் குத்தூசியால் குத்திப் பார்த்துத் தரம் சொல்கிறவன் அவன். சூப்பர்வைசர் வேலை காலியானதும் மில்லில் எல்லாருக்கும் அந்தப் படிவத்தைக் கொடுத்துவிட்டார்கள். வயது நாற்பத்தைந்து. இதை விட்டால் அவனுக்கு வேறு வாய்ப்பே கிடையாது.

மேலே ஐந்து கட்டங்கள் இருந்தன. கணக்கில் மூன்று, மெஷினில் இரண்டு என்று உண்மையை எழுதினான். கீழே இருந்த பத்தைப் பார்க்க அவனுக்கே வெட்கமாகிவிட்டது. அடித்துவிட்டு ஆறு போட்டான்.

அதே மில்லில் சாமை புடைக்கிற மனைவி காந்தாவைக் கேட்டான். "ஆளுங்கள வேல வாங்கறதுக்கு இன்னா போடட்டும்?"

"நம்ம வூட்டு ஆடே நீ சொன்னா கேக்காது. ஒண்ணு போடு."

"பேச்சுக்கு?"

"ரெண்டு. அதுவே சாஸ்தி."

ஆறு, மூன்றானது. மிச்சம் இருந்தது பொறுமை. மூட்டை தூக்கும் தசரதன் நல்லபடியாகச் சொல்வான் என்று அவனிடம் போனான்.

"அஞ்சு போட்டுக்க" என்றான் தசரதன்.

"எட்டுன்னு சொல்லுடா" என்று சேட்டு அவன் சட்டையைப் பிடித்தான். பித்தான் கையோடு வந்துவிட்டது. திரும்பி வந்து பொறுமைக்குத் தன் கையாலேயே முட்டை போட்டான்.

மில்லில் ஒரு சட்டம் உண்டு. மூட்டையை ஐந்து இடத்தில் குத்த வேண்டும். எந்த இடம் மட்டமோ, அதுதான் மொத்த மூட்டைக்கும் தரம். அப்படி எத்தனை பேர் மூட்டையைத் திருப்பி அனுப்பியிருக்கிறான். தனக்கு மட்டும் தனி நியாயமா? கடைசிக் கட்டத்திலும் முட்டை போட்டான்.

"இப்பத்தான் சரியா கீது" என்றாள் காந்தா.

படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தவனுக்குச் சோறு இறங்கவில்லை. நாற்பத்தைந்து வருஷம் தண்டத்துக்கு வாழ்ந்துவிட்டோம் என்று மனசார நம்பினான். குத்தூசியைத் தொடவே கை கூசியது.

திங்கட்கிழமை ஆபீஸில் கணக்கு எழுதும் அபிநயாவிடம் போய் நின்றான். "எனுக்கு இல்லன்னு தெரியும்மா. யாருக்குன்னு மட்டும் சொல்லு."

"காந்தாக்காவுக்குண்ணே. மேல அஞ்சுலயும் முட்டைய போட்டு, 'கத்துக்கிறேன்'னு எழுதிட்டு, கடைசில மட்டும் பத்துக்குப் பத்து போட்டிருந்தாங்க."