ஏழாம் நம்பர் கல்

கண்டமங்கலம்,
செவ்வாய்க்கிழமை காலை.

திண்டிவனத்தில் இருக்கும் பழைய வேன் பயணக் குழுவின் தலைவர் தேவநாதன் தம்பி அவர்களுக்கு, ஏழாம் நம்பர் வண்டி இசைவாணியின் ஆயா குப்பம்மாள் வணக்கத்துடன் எழுதுவது.

நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் உங்கள் அக்கா கெங்கம்மாளும் சௌக்கியமாக இருக்கக் கடவுள் துணை நிற்கட்டும். அக்காவுக்கு ஏரித் தண்ணீர் பட்டதில் சளி பிடிக்கக் கூடாது என்று நேற்றுகூட விளக்கேற்றி வேண்டிக்கொண்டேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் அமலா எங்கள் தெருப் பெண். உங்கள் ஊரில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறது. அது உங்களிடம் ஒரு மஞ்சள் பையும் கொடுக்கும். கனமாக இருக்கும். கடிதத்தைக் கடைசி எழுத்து வரைக்கும் படித்த பிறகுதான் பையைப் பிரிக்க வேண்டும். பலகாரம் என்று நினைத்து அவசரப்படாதீர்கள்.

விஷயம் என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் என் பேத்தியின் பேரைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டீர்கள். ஆறாவது விதியை மீறிவிட்டாள் என்று போனில் எழுதியிருக்கிறீர்கள். வண்டியை நிறுத்தினால் பின்சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும், இசைவாணி வைக்கவில்லை, வண்டி ஏரிக்குள் போய்விட்டது, விதி எல்லாருக்கும் ஒன்றுதான், ஜவ்வாது மலைப் பயணத்துக்கு ஏழாம் நம்பர் வண்டி வர வேண்டியதில்லை. இவ்வளவுதான் எழுதியிருந்தது. அதைப் படிச்சதிலிருந்து அந்தப் பொண்ணு சரியா சாப்பிடல தம்பி. வண்டியை மாட்டுக் கொட்டாய்க்குப் பின்னால நிறுத்தி, தார்ப்பாய் போட்டு மூடிட்டா. பழைய இரும்பு எடுக்கிற ஆளுக்குப் போன் பண்ணிட்டா. அவன் வியாழக்கிழமை வர்றான். இன்னைக்கு செவ்வாய். அதனாலதான் கையெழுத்து கோணல்மாணலா இருந்தாலும் பரவாயில்லன்னு ஜல்தியா எழுதறேன்.

அந்த வண்டி ஒரு காலத்துல பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை ஏத்திக்கினு திரிஞ்சது. வயசான பிறகு பாண்டி ரோட்டுல ஒரு ஷெட்டுக்குப் பின்னால கோழி அடைஞ்சு கெடந்தது. வாரம் பூரா பாண்டியில ஆஸ்பத்திரி லேப்ல வேலை, ஞாயித்துக்கிழமை பூரா வண்டிக்கு அடியில படுக்கை, இப்படியே ரெண்டு வருஷம் ஓட்டினா எம் பேத்தி. கட்டில் போட்டது அவ, ஜன்னலுக்குப் பூப்போட்ட துணி தெச்சது நான். உங்க குழுவுல ஏழு வண்டி இருக்கு, அதுல சொந்தமா ஒரு பொண்ணு ஓட்டிக்கினு வர்றது எங்க வண்டி ஒண்ணுதான். நீங்க அவளைச் சேத்துக்கிட்ட அன்னைக்கு எங்க தெருவுல ஒரு வீடு விடாம நானே போய்ச் சொல்லிட்டு வந்தேன். இப்ப அதே வீட்டுக்காரங்க எல்லாம் வண்டி ஏன் தார்ப்பாய்க்குள்ள கெடக்குதுன்னு கேக்கறாங்க.

சனிக்கிழமை நடந்ததை ஒண்ணுவிடாம சொல்றேன், நீங்களே நியாயம் சொல்லுங்க. மத்தியானம் ஒரு மணிக்கு விழுப்புரத்துல நீங்க விசில் ஊதினீங்க. டெப்போவுல முப்பது வருஷம் டைம்கீப்பரா இருந்தவரு, ஒரு மணின்னா ஒரு மணிதான். ஆறு வண்டி கெளம்பிடுச்சு, எங்களுது மட்டும் இருமிக்கினு நிக்குது. டீக்கடையில இருந்த நாலு பேரு வந்து தள்ளினதுல கெளம்பிச்சு, அதுக்குள்ள நீங்க நோட்டுல ஒரு கோடு போட்டுட்டீங்க. மூணு தடவை பின்தங்கினா பேரை எடுத்துடுவேன்னு ஒன்பதாவது விதி. விக்கிரவாண்டி டோல்கேட்ல சீட்டு குடுக்கற பையன் எங்க வண்டிக்குள்ள எட்டிப் பாத்துட்டு, "என்ன பாட்டிம்மா, நாடகக் கம்பெனியா?"ன்னு கேட்டுக்கினு நின்னான், அதுக்குள்ள நடுவுல ரெண்டு லாரி பூந்துடுச்சு, ரெண்டாவது கோடு. அங்கதான் உங்க அக்கா கெங்கம்மா உங்க வண்டியில காலை நீட்ட எடமில்லைன்னு எறங்கி எங்க வண்டிக்கு வந்தாங்க.

ஏறினதும் ஏறாததுமா கேட்டாங்க, "டிரைவரு எங்க?"

"இதோ உக்காந்திருக்கே, எம் பேத்தி"ன்னேன்.

"பொண்ணா ஓட்டுது? அப்படின்னா எனக்குக் கதவாண்ட எடம் குடு. குதிக்கணும்னா சௌகரியமா இருக்கும்."

"அந்தக் கதவு வெளியிலேர்ந்துதான் தொறக்கும், அம்மா"ன்னா இசைவாணி, ரோட்டைப் பாத்துக்கினே. உங்க அக்கா நான் குடுத்த வேகவெச்ச மல்லாட்டையைக்கூட தோல் உரிக்காம கையிலயே வெச்சிக்கினு இருந்தாங்க.

கூட்டேரிப்பட்டு தாண்டினதும் சூடு காட்டற முள்ளு செகப்புக்கு ஏறிடுச்சு. நிறுத்தித் தண்ணி ஊத்தணும். நிறுத்தினா மூணாவது கோடு. நான் இசைவாணி மூஞ்சைப் பாக்கறேன், அவ முள்ளைப் பாக்கறா. வேர்வை அவ மூக்கு நுனியில நிக்குது, தொடைக்கக் கையை எடுக்க மாட்டேங்கறா. "ஆயா, என்ஜின் மூடியைக் கழட்டு"ன்னு உதட்டை அசைக்காம சொன்னா. எங்க வண்டியில என்ஜின் ரெண்டு சீட்டுக்கும் நடுவுலதான் இருக்கு, உங்களுக்குத் தெரியும். மூடியைத் தொறந்தா வண்டியை நிறுத்தாமலே என்ஜின் சூடு வெளிய வந்துடும். கழட்டினேன் பாருங்க, வண்டிக்குள்ள அடுப்பைத் தொறந்த மாதிரி அனல் வீசுது.

"என்னடி இது, இட்லிப் பானையில உக்கார வெச்ச மாதிரி இருக்குது!"ன்னு உங்க அக்கா கத்தினாங்க.

"மூட்டு வலின்னீங்களே, அதுக்குத்தான். சூடு புடிச்சா கேக்கும்"னு சொல்லிட்டேன். மனசறிஞ்சு சொன்ன பொய்தான். ஆனா திண்டிவனம் வர்றதுக்குள்ள அவங்களே காலை மடக்கி நீட்டிப் பாத்துட்டு, "ஆமாண்டி, கொஞ்சம் தேவலை"ன்னாங்க. முள்ளும் ஒரு கோடு எறங்கிச்சு. பாண்டி ரோட்டுல திரும்பி, கிளியனூர் பக்கம் அந்த ஏரிக்கரைக்கு ஏழாவது வண்டியா நாங்களும் போய்ச் சேந்துட்டோம். நீங்க நோட்டை மூடினீங்க. இசைவாணி ஸ்டியரிங் மேல தலையை வெச்சிக்கினு சிரிச்சா. அந்தச் சிரிப்பை நீங்க பாக்கல.

இப்பத்தான் முக்கியமான எடம். வண்டிங்களை நம்பர்படி வரிசையா நிறுத்தச் சொன்னது நீங்க. ஏழாவது வண்டிக்கு வந்த எடம் கரை சரியற எடம், ஏரியைப் பாத்த மாதிரி. எங்க வண்டி கை பிரேக் வயசானது, பாதிதான் பிடிக்கும்னு இசைவாணி அன்னைக்கே உங்ககிட்ட சொன்னா. "அதுக்குத்தானே கல்லு குடுத்திருக்கேன்"னீங்க. கல்லுக்குக்கூட வெள்ளைப் பெயின்ட்ல நம்பர் போட்டுக் குடுத்த மனுஷன் நீங்க. அந்த ஏழாம் நம்பர் கல்லு விழுப்புரத்துலேர்ந்து என் காலடியிலதான் வந்துச்சு, ஒவ்வொரு மேட்டுக்கும் என் கட்டைவெரலை நசுக்கிக்கினு. இசைவாணி எறங்கினதும் மொத வேலையா அதை எடுத்துப் பின்சக்கரத்துக்குக் குடுத்து, காலால ரெண்டு ஒதை ஒதைச்சு இறுக்கினா. என் ரெண்டு கண்ணால பாத்தேன். நீங்க ஒவ்வொரு வண்டியா குனிஞ்சு பாத்துக்கினு வந்தீங்க, நாலாவது வண்டிகிட்ட போன் வந்துச்சு, பேசிக்கினே போயிட்டீங்க. ஏழாவதைப் பாக்கல. இதை மறுக்க முடியுமா?

அப்புறம் காத்து. கேஸ் அடுப்பு கொண்டாந்தவங்க எல்லாம் பத்தவெக்கறாங்க, காத்து அணைச்சுடுது. அஞ்சு மணி ஆவுது, ஏழு வண்டிக்காரங்களும் டீ இல்லாம பேஜாராயி நிக்கறாங்க. நான்தான், "நகருங்க, கல்லு அடுப்புல போட்டுத் தர்றேன்"னேன். அந்தக் கரையில கல்லு கெடைக்கறதே பெரும்பாடு, எப்படியோ அடுப்பு கூட்டி, சுள்ளி பொறுக்கி, இஞ்சி தட்டிப் போட்டு எறக்கினேன். டெப்போ கேன்டீன்லகூட இப்படி டீ குடிச்சதில்லன்னு நீங்கதான் எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. உங்க அக்கா என் கையால ஒரு டம்ளர் வாங்கிக் குடிச்சுட்டு, இன்னொரு டம்ளர் கேட்டு வாங்கினாங்க. அதை நான் எந்த ஜென்மத்துலயும் மறக்க மாட்டேன். அந்த டம்ளரோட, "செத்த நேரம் காலை நீட்டறேன்"னு போய் எங்க வண்டிக் கட்டில்ல ஏறினாங்க. கதவை வெளியிலேர்ந்து சாத்தினது யாருன்னு தெரியல, காத்தா இருக்கலாம்.

அவங்க ஒரு பக்கமா திரும்பிப் படுத்தாங்க. வண்டி நகர்ந்துச்சு.

சத்தமே இல்ல தம்பி. அதுதான் பயமே. பூப்போட்ட துணி ஆடிக்கினே போவுது, உள்ளேர்ந்து உங்க அக்கா குரல், "யாருடி வண்டியை எடுத்தது, நான் இன்னும் செருப்புகூட போடல!" நேர் கீழ மதகு. அந்தப் பக்கம் ரெண்டாள் ஆழம்னு ஊர்க்காரங்க வந்ததுமே சொன்னாங்களே. எல்லாரும் வாயில டீயோட நின்னோம். நீங்க விசில் ஊதினீங்க, விசிலுக்கு எங்க நிக்கும் வண்டி? ஓடினது எம் பேத்தி ஒருத்திதான். பக்கத்துலயே ஓடி, முன்கதவைப் புடிச்சுத் தொங்கி, ஒரு கால் தரையில தேய உள்ள ஏறி, ஸ்டியரிங்கை ஒடிச்சா பாருங்க. மதகுக்கு ஒரு கட்டில் நீளம் இருக்கறப்ப வண்டி திரும்பி, கோரைக்குள்ள போய் முழங்கால் தண்ணியில நின்னுடுச்சு. பெரியசாமின்னு ஒருத்தர் டிராக்டர் கொண்டாந்து இழுத்தாரு. உங்க அக்காவைக் கீழ எறக்கறப்ப அந்த டம்ளரை மட்டும் அவங்க விடல, அதுல இன்னும் பாதி டீ இருந்துச்சு.

உங்க கூடப்பொறந்தவங்களைக் காப்பாத்தினது யாரு? அதுக்கு உங்க பதினாலு விதியில எதாவது ஒண்ணு இருக்கா? ஈரத் துணியோட நின்ன பொண்ணைப் பாத்து நீங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "ஏழாம் நம்பர் கல்லு எங்க?"

அவ சொன்னா, "வீட்டுலயே வெச்சுட்டு வந்துட்டேன் சார்."

அது பொய் தம்பி. காலடியில வெச்சிக்கினு வந்தவ நான் சொல்றேன், பொய். கல்லு எங்கதான் போச்சுன்னு கேப்பீங்க. வண்டி ஏறினதுல தெறிச்சுத் தண்ணியில விழுந்திருக்கலாம். மண்ணுல பொதைஞ்சிருக்கலாம். கரை சரிவுக்கு நீங்க பொறுப்பு, திரும்பிப் படுத்ததுக்கு உங்க அக்கா பொறுப்பு, கதவுக்குக் காத்து பொறுப்பு. இத்தனை பேரு இருக்கறப்ப ஒரு சின்னப் பொண்ணு தலையில மட்டும் எல்லாத்தையும் ஏத்தி வெக்கறது என்ன நியாயம்? வியாழக்கிழமைக்குள்ள அவ பேரைத் திரும்பச் சேத்து ஒரு வார்த்தை போன்ல எழுதிடுங்க. அந்தக் காயலாங்கடைக்காரன் காலையில எட்டு மணிக்கெல்லாம் வந்துடுவான்.

நீங்கள் நூறு வருஷம் நல்லபடியாக இருந்து, உங்கள் வண்டிகள் எல்லாம் போன இடத்திலிருந்து தம் சக்கரத்திலேயே வீடு திரும்ப வேண்டும். அக்காவின் மூட்டு வலிக்கு என் விசாரிப்பு. அவர்களுக்கு எப்போது டீ வேண்டுமானாலும் எங்கள் வீட்டுக்கு வரலாம்.

இப்படிக்கு,
வண்டி எண் ஏழின் ஆயா,
ம. குப்பம்மாள்.

பின்குறிப்பு: மேலே எழுதினதை எல்லாம் திரும்பப் படிச்சுப் பாத்தேன். எல்லாம் நடந்ததுதான், ஆனா ஒண்ணை விட்டுட்டேன். இப்ப மஞ்சப் பையைப் பிரிங்க. கரி பிடிச்சிருக்கும். தேங்காநாரு போட்டுத் தேய்ங்க, ஏழுன்னு தெரியும். அடுப்புக்கு ரெண்டு கல்லுதான் கெடைச்சுது தம்பி. மூணாவதுக்குக் கரை பூரா தேடிட்டேன். எல்லாரும் டீக்கு நிக்கறாங்க, நான் வேற வாய்விட்டு சொல்லிட்டேன். சக்கரத்துக்கிட்டப் போய்ப் பாத்தேன், கல்லை எடுத்தேன், வண்டி அசையல. பத்து நிமிஷம்தானே, கொதிச்சதும் வெச்சுடலாம்னு நெனைச்சேன். கொதிச்சதும் கல்லு சூடா இருந்துச்சு, ஆறட்டும்னு விட்டேன். ஆறறதுக்குள்ள நீங்க டீயைப் புகழ ஆரம்பிச்சுட்டீங்க, நான் அதைக் கேட்டுக்கினு நின்னுட்டேன்.

வண்டியை இழுத்தப்புறம் இசைவாணி அடுப்பாண்ட வந்தா. கல்லைப் பாத்தா, என்னை ஒரு தரம் பாத்தா, செருப்பால சாம்பலைத் தள்ளி நம்பரை மூடினா. "நீ ஒண்ணும் பேசாத ஆயா"ன்னு சொல்லிட்டு உங்ககிட்ட வந்து அந்தப் பொய்யைச் சொன்னா. ஏழு வண்டிக்காரங்களும் என் டீயைக் குடிச்ச வாயால என்னைக் கேப்பாங்களேன்னு நானும் பேசாம இருந்துட்டேன். கல்லைப் பொடவைத் துணியில சுத்தி எடுத்துக்கினு வந்துட்டேன். மூணு நாளா அவ என்னை ஒரு வார்த்தை ஏசல. அதைத்தான் தாங்க முடியல.

உங்க பதினாலு விதியையும் இன்னொரு தரம் எழுத்துக்கூட்டிப் படிச்சேன். கல்லு வெக்கணும்னுதான் இருக்கு, வெச்ச கல்லை எடுக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல. அதைப் பதினஞ்சாவதா என் பேரைப் போட்டே எழுதிக்கங்க, அவ பேரை மட்டும் எடுத்த எடத்துல திரும்ப வெச்சுடுங்க. உங்க அக்காவுக்குச் சொல்லணும்னா சொல்லிக்கலாம், ரெண்டாவது டம்ளர் கேக்காம இருந்திருந்தா எனக்குக் கல்லை வெக்க நேரம் இருந்திருக்கும்னும் சேத்துச் சொல்லிடுங்க.

கல்லை அமலாகிட்டயே திருப்பிக் குடுத்தனுப்புங்க. ஜவ்வாது மலையில சரிவு ஜாஸ்தின்னு சொல்றாங்க.